நெறஞ்சிருக்குதுங்க

நான் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, என்ன விதைத்தீர்கள், என்ன விளைந்தது, கையில் என்ன மிச்சம் என்று வாசலில் நின்று கேட்பேன். பதிலை அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில், நாங்கள் சொல்கிறபடி டேப்பில், தொட்டுப் பதிவேன். கடலோரத்தில் உப்பளங்களுக்கு நடுவே வளர்ந்த என்னைக் கொல்லிமலைக்கு மாற்றிய உத்தரவு வந்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் கோபக்காரி. கணவரையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டே மேலே வந்து, செம்மேட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினேன். குளிரையும் அட்டைப்பூச்சியையும் திட்டிக்கொண்டே ஒரு வருடம் போனது.

அந்த வருடத்தில் எனக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் ஓர் அட்டவணை. எங்கள் மேலதிகாரி மாதம் ஒருமுறை உலக உணவு நிலவரம் பற்றிய அறிக்கை ஒன்றை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஒருத்திதான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். எந்த நாட்டில் என்ன விளைந்தது, எவ்வளவு தின்றார்கள், எவ்வளவு கப்பல் ஏறியது என்று வரிசையாக வரும். கடைசிக் கட்டத்தில் இருப்பு. வருடம் முடியும்போது உலகத்தின் களஞ்சியங்களில் எவ்வளவு தானியம் மிச்சம் இருக்கும் என்று சொல்கிற கட்டம் அது. எங்கோ ஒரு யுத்தம் கடல் வழியை அடைத்தால் அந்தக் கட்டம் சுருங்கும், கோதுமை விலை ஏறும். நம் நாடு அரிசிக் கப்பல்களை நிறுத்தி வைத்தபோது, பெயர் மட்டும் தெரிந்த ஏதோ நாட்டில் ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்ற படத்தைப் பார்த்தேன். இத்தனைக்கும் ஆரம்பம் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் வாசலில் நின்று கேட்ட கேள்விதான். அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். என் கணவரிடம்கூடப் போனில் சொல்லியிருக்கிறேன், உலகத்துக்குச் சோறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் நானும் இருக்கிறேன் என்று. அவர், முதலில் நீ சாப்பிட்டாயா என்று கேட்டார்.

மலை, உலகத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இங்கே குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளி. அதை லாரியில் ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புவார்கள். வேறு நாட்டில் கிழங்கு மாவு மலிந்தால் இங்கே லாரி வராது. கப்பலில் மிளகு வந்து இறங்கினால் செம்மேட்டுக் கடைக்காரர் மிளகு மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். திடீரென்று ஒரு வருடம் உலகமே சிறுதானியம் சாப்பிட வேண்டும் என்று பேச்சு வந்தது. மலைச் சாமையைத் தேடி வேன்கள் ஏறி வந்தன. பேச்சு ஆறியதும் வேன்களும் இறங்கிவிட்டன.

அதற்கு அடுத்த சித்திரையில் எங்களுக்கு ஒரு கணக்கெடுப்பு வேலை வந்தது. மலையின் எந்தெந்த ஊர்களில் சாமை கையிருப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க வேண்டும். இல்லாத ஊர்களுக்கு மழைக்கு முன்னால் விதைச் சாமை கொடுப்பார்கள். இருக்கிற ஊர்களுக்குக் கிடையாது. விதை கொஞ்சம்தான் வரும், ஊர்களோ நிறைய என்று மேலதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். டேப்பில் கையிருப்புக்கு நான்கு விடைகள் இருந்தன. நிறைவு, போதுமானது, குறைவு, இல்லை. ஒன்றைத் தொட்டால் போதும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை நாடு என்பார்கள்; எனக்கு விழுந்தது திண்ணனூர் நாட்டில் பதினோரு வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். முதல் வீட்டில் ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலைக்கு வடக்கே போயிருந்தார். நிலத்தைப் பார்ப்பதும் விதைப்பதும் அறுப்பதும் அவர்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

உட்கார நேரமில்லை என்றேன். கடைசி பஸ் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள், நிலம், பயிர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, "சாமை கையிருப்பு எப்படி இருக்கு அக்கா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். "நெறஞ்சிருக்குதுங்க மேடம்" என்றார்.

நான் நிறைவு என்பதைத் தொட்டேன். அவர் குனிந்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். பதினோரு வீட்டிலும் நெறஞ்சிருக்குதுங்க. ஒவ்வொரு வாசலிலும் வேகவைத்த குச்சிக்கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். ஒரு வீட்டில்கூடச் சாமைச் சோற்றின் வாசனை இல்லை. உலக அறிக்கையை வரிவரியாகப் படிக்கிறவள் இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மாறாக எனக்கு ஒரே சந்தோஷம். உலகமெல்லாம் தானியத்துக்கு அடித்துக்கொள்ளும்போது, ரோடுகூடப் போகாத ஓர் ஊரில் பதினோரு தானியக் குதிரும் நிரம்பி இருக்கிறதே என்று பாதையெல்லாம் பூரித்துக்கொண்டு நடந்தேன். செம்மேட்டில் சிக்னல் கிடைத்ததும், குறிப்பு எழுதும் இடத்தில் "இந்தச் சிற்றூர் உணவில் தன்னிறைவு பெற்றுள்ளது" என்று யாரும் கேட்காமலேயே ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். அனுப்பியதும் படிவம் பூட்டிக்கொண்டது. மேலதிகாரிக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. அதை அவர் தன் அறிக்கையில் எடுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துச் செம்மேட்டுச் சந்தையில் மளிகை வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பையை நீட்டி, "அரிசி நெறஞ்சிருச்சுங்க, அஞ்சு கிலோ போடுங்க" என்றாள். கடைக்காரர் எடை போட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "நிறைஞ்சிருந்தா எதுக்கு வாங்கறாங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "தீந்துபோச்சுன்னு அர்த்தமுங்க. அரிசி, உப்பு இதையெல்லாம் ஊட்டுல இல்லைன்னு வாயால சொல்லலாங்களா? சொன்னா அப்புறம் தங்காதுங்களே. நெறஞ்சிருக்குன்னு சொல்லோணும். உங்க ஊர்ல எப்படீங்க?"

எங்கள் ஊரில் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அரிசி அன்றன்றைக்கு வாங்குவதுதான். தீர்ந்துபோனால், அரிசி இல்லை என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள், நாங்கள் ஓடுவோம். கையில் இருந்த பையோடு கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். பதினோரு வாசல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தரையைப் பார்த்த கண்கள் வந்தன. தட்டில் இருந்த கிழங்கு வந்தது. பதினோரு காலிக் குதிர்களை நான் நிறைவு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். கெட்டவர் இல்லை. விதைப் பட்டியல் தயாராகிவிட்டது, நான் சொன்ன ஊர் அதில் இல்லை என்றார். வார்த்தைக் குழப்பம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, நீ படிச்சவதானே? குதிர் மூடியைத் திறந்து ஒரு எட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

பாத்திருக்கலாம் சார் என்றேன். அவர் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. பூட்டிய படிவத்தைத் திறக்க ஒரே வழிதான் உண்டு என்று சொன்னார். குடும்பத் தலைவரோ தலைவியோ கேமரா முன்னால் நின்று, எங்கள் வீட்டில் சாமை கையிருப்பு இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை டேப்பில் ஏற்ற வேண்டும். விதை மூட்டைகள் மலையேறுவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் பதினோரு வீடியோவும் வந்துவிட்டால் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அக்கா சாமை விதைக்கிற காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் செய்த தவறைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் கூட்டிப் போய்க் குதிரின் மூடியை நகர்த்தினார். கையை விட்டுப் பார்த்தேன். அடிவரை போனது. விரலில் உமி ஒட்டியது.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். அடுப்பருகே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"கெழங்குக்கு ஒரு வருசம் நல்ல வெலைங்க மேடம். எல்லாருமு அதையே நட்டுப்போட்டோம். சாமை ஓரத்துல கொஞ்சம்தான். அப்புறம் பேக்டரிக்காரங்க வேண்டாம்ன்னுட்டாங்க, வெளிநாட்டு மாவு வந்திருச்சாமா. கெழங்கு மண்ணுக்குள்ளயே கெடக்குது. அந்த சமயம் பாத்துச் சாமைக்கு வேன் வந்துச்சுங்க. இருந்ததைக் குடுத்தோம். கொஞ்சம் தின்னோம். வெதைக்கு வெச்சிருந்ததுமு..."

அங்கே நிறுத்திவிட்டார். மீதி வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வராது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

மேலே இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கேமரா, ஒரே வாக்கியம், அவ்வளவுதான். சொன்னால் விதை வரும். சொல்லாவிட்டால் வராது. ஆடி மழை வரும்போது காடு வெறுமனே கிடக்கும்.

அவர் குதிர்ப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அதை எப்படீங்க என் வாயால சொல்றது? நீங்கதான் பாத்துட்டீங்களே. நீங்களே எழுதிக்கங்க."

"நான் எழுதினா செல்லாது அக்கா. நான் ஏற்கெனவே ஒண்ணு எழுதிட்டேனே."

"கைநாட்டு வேணும்ன்னா வெக்கறனுங்க. பேச மட்டும் சொல்லாதீங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வந்த வேகம், வெயில், என் மேலேயே எனக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து அவர்மேல் திரும்பியது. "வெறும் வார்த்தைதானே அக்கா?" என்று குரலை உயர்த்தினேன்.

"வார்த்தைதானுங்களே" என்றார் அவர். அவர் குரல் உயரவில்லை.

வெளியே வந்து கல்லின்மேல் உட்கார்ந்தேன். ஊரில் மற்றவர்களும் விஷயம் தெரிந்து வந்து அங்கங்கே நின்றார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா வெளியே வந்தார். வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். என்னைத் தாண்டி நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றார்.

காட்டுக்குக் கீழே, ஓடையை ஒட்டி ஒரு பலாமரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வீடு தெரியாது. வீட்டிலிருந்து பார்த்தாலும் இது தெரியாது. எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"ஊட்டுக்குக் கேக்க வேண்டாமுங்க" என்றார்.

டேப்பை உயர்த்திப் பிடித்தேன். அவர் மரத்தடியில் நின்று, முந்தானையைத் தோளில் போர்த்துக்கொண்டு, ஓடையைப் பார்த்தபடி சொன்னார். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் குரலே கேட்கவில்லை. இன்னொரு முறை என்றேன். சொன்னார். இந்த முறை காற்று. கேட்காத வீடியோவை மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் சத்தமா அக்கா" என்றேன். இப்போதும் அந்த மூன்று வார்த்தைகளை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் கேமராவை நேராகப் பார்த்தார். "எங்க ஊட்டுல சாமை கையிருப்பு இல்லீங்க" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஓடையில் இறங்கி வாய் கொப்புளித்தார்.

அவர் சொன்னபிறகு மற்றவர்களும் வந்தார்கள். பத்துப் பேரும் ஒவ்வொருவராக அதே மரத்தடிக்கு வந்து, அதையே சொல்லிவிட்டு, ஓடையில் வாயைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினார்கள். திரும்பி வரும்போது என் பையில் இருந்த டேப் கனத்தது. எனக்கு அழுகை வந்தது. பாதையில் யாரும் இல்லாததால் அழுதுகொண்டே நடந்தேன்.

மேலதிகாரி வாக்கைக் காப்பாற்றினார். விதை வந்தது. முதல் மழைக்கு நான்கு நாள் முன்னால் மூட்டைகளை ஊருக்குள் தூக்கிப் போனோம். ஆடியில் நான் போனபோது காடு பச்சை பிடித்திருந்தது. அக்கா என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே, "வா கண்ணு, வா" என்று கூப்பிட்டார். மேடம் போய்க் கண்ணு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பில் உட்கார்ந்து அவருக்கு உலக அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். எல்லா நாட்டுத் தானியத்தையும் கூட்டிக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று போடுவார்கள் என்றேன். நம் சாமைக்கு அதில் தனி இடம் இல்லை, இதர தானியங்கள் என்ற வரியில் எங்கோ கரைந்திருக்கும் என்றும் சொன்னேன்.

"உலகத்துக்குச் சோறு பத்துமுங்களா கண்ணு?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"இருப்பு நிறைவா இருக்குன்னு போட்டிருக்காங்க அக்கா."

"யாருகிட்டக் கேட்டாங்களாமா?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அறைக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எத்தனை பாஷைகள், எத்தனை வாசல்கள். என்னைப் போலப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கேட்கிறவர்கள் எத்தனை பேர். பசியை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் எத்தனை பேர். அதற்குப் பிறகு அந்தக் கடைசிக் கட்டத்தை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

ஐப்பசியில் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. அறுக்க வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான மழை இல்லை. பதினாறு நாள் விடவில்லை. பாதை சரிந்து பஸ் நின்றுபோனது. செம்மேட்டில் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். சாமை மொத்தமும் படுத்துவிட்டிருந்தது. மண்ணில் கிடந்த கதிர்களிலேயே முளை விட்டிருந்தது. அக்கா அதில் பிழைத்த கதிர்களைக் கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வரப்பிலேயே நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னேன். கடல் சூடாகிவிட்டது, அதனால் மேகம் இப்படிக் கொட்டுகிறது, இந்த வருடம் பல நாடுகளில் அறுப்பு நேரத்தில் இதே கதிதான் என்று அறிக்கையில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் கிள்ளுவதை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருக்குமுங்க மேடம்" என்றார்.

மேடம் திரும்பி வந்திருந்தது. பிறகு மறுபடி குனிந்து, கதிரைத் தேடியபடியே, என்னிடம் இல்லை, மண்ணிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"மூணு தடவை சொன்னனுங்களே."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். வார்த்தைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பேன். இன்றைக்கும் கேட்பேன், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு உண்டு. அதை உடைத்துத்தான் நான் விதை வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே அவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தால், என் விரலே சரியான கட்டத்தைத் தொட்டிருக்கும். அவர் வாய் திறந்திருக்க வேண்டியதே இல்லை. அப்போதும் மழை பெய்திருக்கும், அப்போதும் கதிர் முளைத்திருக்கும். ஆனால் நான்தான் சொல்லிக் கெடுத்தேன் என்ற பாரத்தை அந்த மனுஷி சுமந்துகொண்டு குனிந்திருக்க மாட்டார்.

அந்த மாத அறிக்கையையும் மேலதிகாரி குழுவில் போட்டார். உலக இருப்பு போதுமானது என்று இருந்தது. முதல் தடவையாக நானும் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு மூடினேன்.

இந்தச் சித்திரையில் மறுபடி கணக்கெடுப்பு வந்தது. அதே டேப், அதே நான்கு விடைகள். மேலதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் என்னை மலையின் வேறு நாட்டுக்கு அனுப்பப் பார்த்தார். திண்ணனூர் நாட்டை எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். போகிற வழியெல்லாம் பயமாக இருந்தது. அக்கா கதவைத் திறக்காமல் போகலாம். திறந்து, நான் கேட்பதற்கு முன்பே அந்த வார்த்தையை எடுத்து வீசிவிடலாம். உங்களுக்கு இதுதானே வேண்டும், எழுதிக்கங்க என்று.

அவர் வாசலில்தான் இருந்தார். அவரைப் போலவே சுவரில் சாய்ந்தபடி மண்வெட்டியும் இருந்தது. "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். இந்தத் தடவை உட்கார்ந்தேன். கிழங்கு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். வடக்கே போனவரிடமிருந்து போன் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். பிறகு டேப்பை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார். கண் வீட்டுக்குள் குதிர்ப் பக்கம் போய்விட்டு, பலாமரம் இருக்கும் சரிவுக்கு வந்தது. அங்கே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டார்.

திரையில் இருந்த கேள்வியை நான் வாசிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்து, "சாமை நெறஞ்சிருக்குங்களா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தோளில் போர்த்தியிருந்த முந்தானையை மெல்ல இறக்கினார். திரும்பவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெறஞ்சிருக்குது கண்ணு" என்றார்.

டேப்பை அவருக்குத் தெரியாதபடி என் பக்கம் சாய்த்துக்கொண்டு, இல்லை என்ற கட்டத்தைத் தொட்டேன்.